பாசிக்குப் படியளப்பவர் யார்?

சிவகாசியிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் அவருடைய கணவர் வீட்டுக்கு ஒரு மீன் தொட்டி வாங்கி வந்தாராம். சாதாரணத் தொட்டி அல்ல. உப்புத் தண்ணீர்த் தொட்டி. நூறு லிட்டர் பிடிக்கும். அதில் வெள்ளை மணல், இரண்டு கல், இரண்டு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீன்களைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்ததாம். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நாலாவது வாரம் மணல் காப்பிப் பொடி நிறமாயிற்று. ஐந்தாவது வாரம் கண்ணாடி பச்சையாயிற்று. இப்போது கல்லில் தலைமயிர் மாதிரிப் பாசி தொங்குகிறது.

"கடையில் கேட்டதற்கு ஒரு மருந்துப் புட்டியைக் கொடுத்து, ஊற்றினால் இரண்டே நாளில் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். என் மாமியார், எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரும் சோப்புத் தூளும் போட்டுத் தேய் என்கிறார். பையன் விடுதிக்குப் போய்விட்டான். ஞாயிறு தவறாமல் போனில் மீனைக் காட்டச் சொல்கிறான். மீனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் அவனுக்கு என்ன பதில் சொல்வேன்? இந்த இரண்டில் எதைச் செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

இரண்டையும் செய்ய வேண்டாம், சகோதரி. மருந்துப் புட்டி மூடியபடியே இருக்கட்டும். சோப்புத் தூள் துணிக்கு இருக்கட்டும். தொட்டிக்கு வியாதி ஒன்றும் வந்துவிடவில்லை. பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது வயிறு சற்றுக் கோளாறு பண்ணும் என்பார்களே, அந்தத் தினுசுதான் இது. புதிதாக வைத்த கடல்நீர்த் தொட்டிகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகின்றன.

முதலில் அந்தக் காப்பிப் பொடி. அது அழுக்கல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்பாசி. விஞ்ஞானிகள் டயாட்டம் என்பார்கள். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கண்ணாடியால் ஒரு சிமிழ் செய்துகொண்டு உள்ளே வசிக்கிறது. நிஜமாகவே கண்ணாடிதான், தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துக் கட்டிக்கொள்வது. பட்டாசு ஊர்க்காரருக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. சுவீடன் தேசத்து ஆல்பிரட் நோபல், தொட்டால் வெடிக்கும் நைட்ரோகிளிசரினை அடக்க வழி தெரியாமல் திண்டாடியபோது, கடைசியில் அதை ஒருவகை வெள்ளை மண்ணில் ஊறவைத்தார், கைக்கு அடக்கமாயிற்று. 1867-ல் அதற்கு டைனமைட் என்று பெயரிட்டுக் காப்புரிமை வாங்கினார். அந்த வெள்ளை மண், லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் செத்து மடிந்த டயாட்டங்களின் ஓடுகள்தான். டைனமைட்டை அடக்கிய குலம் உங்கள் மணலில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தண்ணீரிலுள்ள சிலிக்கா தீர்ந்தால் சில வாரங்களில் தானே மறைந்துவிடும். ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தால் மாத்திரம் மறையாது. அந்தத் தண்ணீரில் சிலிக்கா வந்துகொண்டே இருக்கும்.

பச்சைப் பாசிதான் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய சங்கதி. அதற்கு யார் சோறு போடுகிறார்கள்?

வெடியுப்பு என்றால் என்னவென்று விருதுநகர் மாவட்டத்துக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கந்தகமும் கரியும் சேர்ந்தால் வெடிமருந்து. வெடியுப்பு என்பது ஒரு நைட்ரேட். இப்போது அது தொழிற்சாலையில் தயாராகிறது. முன்காலத்தில் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? மாட்டுக் கொட்டில் மண்ணிலிருந்து. பீகார் பக்கத்தில் கொட்டிலோரத்து மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி வெடியுப்பு எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக அதை இங்கிலாந்துக்கு ஏற்றிப் போயிற்று. மாட்டின் சிறுநீர் மண்ணில் விழுந்து, அம்மோனியாவாகி, பிறகு எப்படியோ நைட்ரேட்டாக மாறுகிறது என்பது வரைக்கும் தெரிந்திருந்தது. எப்படி மாறுகிறது என்பது வெகுகாலம் வரை யாருக்கும் தெரியவில்லை.

1877-ல் பிரான்ஸ் தேசத்தில் ஷ்லேசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு நீண்ட குழாயில் மணலை நிரப்பிச் சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை; ஊற்றிய அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதற்குப் பிறகு வெளிவந்த தண்ணீரில் நைட்ரேட் தோன்ற ஆரம்பித்தது. மணலில் குளோரோபாரம் ஆவியைப் பரப்பிப் பார்த்தார்கள், வேலை நின்றுவிட்டது. அப்படியானால் இதைச் செய்வது ரசாயனம் அல்ல, மணலில் குடியேறிய ஏதோ ஒரு ஜீவன் என்று தெரிந்தது.

உங்கள் தொட்டியிலும் இப்போது இதே கதைதான் நடக்கிறது. மீன் கழிக்கிறது, மிஞ்சிய தீனி அழுகுகிறது, அம்மோனியா உண்டாகிறது. மணலிலும் கல்லிலும் நுண்ணுயிர்கள் மெள்ளக் குடியேறி அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தக் குடியேற்றம் முடிய நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும் விஷங்கள். நைட்ரேட் அவ்வளவு பொல்லாததல்ல. ஆனால் வயலுக்கு உரம் எதுவோ அதுதான் பாசிக்கு நைட்ரேட். சுருங்கச் சொன்னால், தங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு குட்டி வெடியுப்புக் கொட்டில் வேலை செய்கிறது. அதன் சரக்கைப் பாசி வாங்கிக்கொள்கிறது.

ஆகவே மாமியாரின் யோசனை ஏன் ஆகாது என்பது விளங்கும். பாத்திரம் கறுத்தால் தேய்க்க வேண்டும் என்பது அந்தக் காலத்து மனுஷியின் நல்ல பழக்கம். அவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் கல்லையும் மணலையும் சோப்புப் போட்டுத் தேய்த்தால், ஐந்து வாரமாகக் குடியேறிய வேலையாட்கள் அத்தனை பேரும் சாக்கடையோடு போய்விடுவார்கள். தயிர்ச் சட்டியில் ஒட்டியிருந்த உறைமோரையும் வழித்துக் கழுவிவிட்டுப் பாலை ஊற்றி வைத்தாற்போல் ஆகிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம், மறுபடி அம்மோனியா. இந்தத் தடவை மீன் தாங்குமோ தாங்காதோ!

மருந்துப் புட்டியின் கதை இன்னும் மோசம். பாசி மருந்துகள் பலவற்றில் சேர்ந்திருப்பது தாமிர உப்பு. உங்கள் ஊரில் வாணங்களுக்கு நீல நிறம் கொடுப்பதும் தாமிர உப்புத்தான். வானத்தில் அழகாயிருக்கும். தொட்டியில் நத்தை, இறால், பவளம் இவற்றுக்கு அது எமன். கல்லிலும் மணலிலும் ஊறிக்கொண்டு லேசில் வெளியே போகாது. தவிர, பாசி ஒரே நாளில் மொத்தமாகச் செத்தால் அத்தனையும் அழுகும். அழுகினால் அம்மோனியா, அதன்பின் நைட்ரேட், அதன்பின் மறுபடி பாசி! இரண்டு நாளில் பளிச்சென்று ஆகும் என்று கடைக்காரர் சொன்னது வாஸ்தவமாகவே இருக்கலாம். மூன்றாவது வாரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. (பட்டாசு ஆலையிலிருந்து வருகிறவர்கள் முழங்கை வரை நன்றாகக் கழுவி, சோப்பு வாடையும் போக அலசிய பிறகே தொட்டியில் கைவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.)

சரி, என்னதான் செய்வது? படியை நிறுத்த வேண்டும்.

இரண்டு கோமாளி மீனுக்கு எவ்வளவு தீனி வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சிட்டிகைகூட அதிகம். நாளுக்கு ஒரு வேளை, இரண்டு நிமிஷத்துக்குள் தின்று தீர்க்கும் அளவுதான். மீன் எப்போதும் பசித்த முகத்தோடுதான் கண்ணாடியருகே வந்து நிற்கும். அது அதன் சுபாவம், பட்டினியின் அடையாளமல்ல. வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டே பழகிய கை நம்முடைய கை. பாட்டி ஒரு தடவை, பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு தடவை, விருந்தாளிக்கு வேடிக்கை காட்ட ஒரு தடவை என்று போட்டால், மீன் தின்பது கால் பங்கு. பாசி தின்பது முக்கால் பங்கு. உறைய வைத்த இறால் தீனி வாங்கினால், அதை வடிகட்டியில் போட்டு அலசி, சாற்றைக் கொட்டிவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். அந்தச் சாற்றில்தான் பாஸ்பேட் இருக்கிறது. பாசிக்கு நைட்ரேட் சோறு என்றால் பாஸ்பேட் குழம்பு.

அடுத்தது வெளிச்சம். மீன்கள் அழகாகத் தெரிகின்றன என்று காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை விளக்கை எரிய விடுகிறார்கள். ஆறு மணி நேரம் போதும். எட்டுக்கு மேல் கூடவே கூடாது. ஜன்னல் வெயில் தொட்டிமேல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது திரை போடுங்கள். தங்கள் பகுதியின் வெயிலுக்கு நாம் சிபாரிசுக் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை. கோடையில் தண்ணீரின் சூடு 28 டிகிரியைத் தாண்டினால், மேலே ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீரும் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர்தான், உப்பு அல்ல. ஆகையால் குறைந்த அளவை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரால் நிரப்பினால் தொட்டி ஊறுகாய் ஜாடியாகிவிடும்.

நல்ல தண்ணீர் என்று எதைச் சொல்கிறோம்? உப்புத் தண்ணீர்த் தொட்டிதானே, எந்தத் தண்ணீராயிருந்தால் என்ன என்று நினைப்பது இயற்கை. உப்பில் பல ஜாதி உண்டு. கரிசல் பூமியில் தோண்டிய ஆழ்குழாயின் உப்பு வேறு, கடலின் உப்பு வேறு. ஆழ்குழாய்த் தண்ணீர், குழாய்த் தண்ணீர் இரண்டையும் விட்டுவிட்டு, ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீரையே ஊற்றுங்கள். கேன் தண்ணீரானாலும் கரைந்த உப்பை அளக்கும் சின்ன மானியை உள்ளே விட்டுப் பாருங்கள். எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. அதில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பைக் கரைக்க வேண்டும். தூத்துக்குடி உப்பு பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்காதீர்கள். சமையலுக்கு அதற்கு ஈடு கிடையாது. ஆனால் உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். கடலிலுள்ள மக்னீசியம் பெரும்பாலும் அந்தக் கசப்பு நீரோடு போய்விடுகிறது. சாப்பிடும் வாய்க்கு அது நல்லது, கடல் பிராணிக்கு நல்லதல்ல.

வாரம் ஒரு முறை பத்து லிட்டரை எடுத்துவிட்டு, முதல் நாளே கரைத்து வைத்த புதுத் தண்ணீர் பத்து லிட்டரை ஊற்றுங்கள். எடுக்கும்போது சும்மா மொண்டு எடுக்காமல், ரப்பர் குழாயால் மணலின் மேலிருக்கும் வண்டலை உறிஞ்சி எடுங்கள். சிவப்பு வழுவழுப்பாக ஏடு மாதிரி எங்கேயாவது படர்ந்தால் அதையும் இப்படியே உறிஞ்சிவிடலாம். அது பாசியே அல்ல, பாசி வேஷம் போட்ட நுண்ணுயிர். தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில் வந்து உட்காரும். பம்பின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். தலைமயிர்ப் பாசிக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று போதும். நூல் கண்டு சுற்றுவதுபோல் சுற்றிப் பிடுங்குங்கள். பிடுங்கியதைத் தொட்டிக்கு வெளியே எறிவது முக்கியம். பாசி உண்ட உரம் முழுவதும் அதன் உடம்பில்தான் இருக்கிறது. ஒரு பிடி பாசி வெளியே போனால் ஒரு பிடி உரம் வெளியே போகிறது.

மிச்ச வேலைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். இதிலும் ஒரு பழைய கதை உண்டு. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், கண்ணாடித் தொட்டியில் மீனையும் நீர்ச்செடியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கி, கண்ணாடியெல்லாம் பச்சை பிடித்தது. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் மேய்ந்து தொட்டியைத் துலக்கிவிட்டன. 1850-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பெயர் கொண்ட அவருடைய மகன் ராபர்ட் வாரிங்டன், பிற்காலத்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், நாம் மேலே சொன்ன பிரெஞ்சுக்காரர்களின் வேலையைத் தொடர்ந்தார். அம்மோனியா நைட்ரைட்டாவது ஒரு ஜீவனால், நைட்ரைட் நைட்ரேட்டாவது வேறொரு ஜீவனால் என்று காட்டியவர் அவர். பாசியை மேய நத்தை விட்டவர் தகப்பனார். பாசிக்குச் சோறு எங்கே சமையலாகிறது என்று பார்த்தவர் பிள்ளை!

கடல் தொட்டிக்குக் கடல் நத்தைகள் தனியே கிடைக்கின்றன. நூறு லிட்டருக்கு நாலைந்து போதும். இருபது வாங்கி விட்டால் ஒரு மாதத்தில் பாசி தீர்ந்து, நத்தைகள் பட்டினியால் செத்து, அதுவும் அழுகும். தொட்டி ஆறு வாரம் ஆனபின், பரிசோதனைச் சொட்டு மருந்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று காட்டிய பிறகே நத்தையை விடுங்கள். அதுவரை புது மீனும் வேண்டாம்.

இராமேசுவரத்துக்குப் போகிறவர்கள், மண்டபம் கரையில் ஒரு நல்ல கல்லாகப் பொறுக்கி வந்து தொட்டியில் போடலாமே என்று நினைக்கக் கூடும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை இவையெல்லாம் 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் புலியோடு ஒரே வரிசையில் சேர்க்கப்பட்டவை. பவளக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றந்தான். கோமாளி மீனிலும் கடலில் பிடித்ததை வாங்காமல், பண்ணையில் பொரித்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையத்திலும் இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை எப்போதோ கைவரச் செய்துவிட்டார்கள். பண்ணை மீனுக்குத் தொட்டி வாழ்க்கையும் கைத்தீனியும் பழக்கமாயிருக்கும்.

அந்த மன்னார் வளைகுடாவில் மட்டும் பவளப் பாறை ஏன் பச்சையாகாமல் இருக்கிறது, அங்கே யார் தேய்க்கிறார்கள் என்று தங்கள் மாமியார் கேட்டால் சொல்லுங்கள்: கிளிமீன்கள் தேய்க்கின்றன. கிளி மூக்கு மாதிரி வாயால் பாறையைச் சுரண்டிச் சுரண்டிப் பாசியைத் தின்கின்றன. முள்ளெலி மாதிரி உருண்டிருக்கும் மூரைகளும் நத்தைகளும் கூடச் சேர்ந்து மேய்கின்றன. பவளம் வளரும் கடலில் பாசிக்கு உரமும் கொஞ்சந்தான். இந்த ஏற்பாடு குலைந்தால் கடலும் உங்கள் தொட்டி மாதிரியே ஆகும். 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. அப்படிச் செத்த பவளத்தின் மேல் முதலில் வந்து உட்காருவது பாசிதான். இன்னொன்றும் நடந்தது. வெளிதேசத்திலிருந்து கொண்டுவந்து, பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்களுக்குப் பிழைப்பாக மிதவை கட்டி வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்ற கடற்பாசி, குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் எழுதினார்கள். அந்தப் பெண்களுக்கு அது வீட்டில் அடுப்பெரிய வைத்த பயிர். பவளத்துக்கு அது மூச்சை அடைத்த போர்வை. இதில் யார் பக்கம் பேசுவது என்று கேட்டால் நமக்குச் சட்டென்று பதில் வராது. கடலில் பரவிவிட்ட பாசியைத் திரும்ப அழைக்க முடியாது என்று மாத்திரம் சொல்லலாம். தொட்டிப் பாசி அப்படியல்ல.

மின்சாரம் நின்றுபோகும் நாளைக்கு ஒரு யோசனை. பம்பு நின்றால் மணலிலிருக்கும் வேலையாட்களுக்கும் மூச்சு முட்டும். 1846-ல் லண்டனில் அன்னா தைன் என்ற அம்மாள், கடற்கரைக்குப் போன இடத்திலிருந்து உயிருள்ள பவளப் பூச்சிகளைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். பம்பு ஏது அப்போது? வீட்டு வேலைக்காரப் பெண் ஜன்னலருகே நின்று, கடல் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி, முக்கால் மணி நேரம் தூக்கித் தூக்கி ஊற்றுவாளாம். நம் வீடுகளில் காப்பி ஆற்றுகிற வித்தைதான். சுத்தமான ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஊற்றி வந்தால், மின்சாரம் வரும்வரை சமாளிக்கலாம். பாட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு இருந்தால் இன்னும் சௌகரியம். தீபாவளியன்று அந்தப் பம்பு அறைக்குள் சூழ்ந்த புகையையும் சேர்த்து உறிஞ்சித் தண்ணீரில் விடும். ஆகவே அன்றைக்குத் தொட்டி இருக்கும் அறையின் ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

தொட்டி வைத்த தேதியை நாட்காட்டியில் குறித்து, வாராவாரம் பாசியின் நிலவரத்தையும் பக்கத்தில் எழுதி வாருங்கள். தங்கள் ஊரில் நாட்காட்டிக்கா பஞ்சம்! எட்டாவது வாரத்தில் தலைமயிர்ப் பாசி குறைய ஆரம்பித்தால் வழி சரி என்று அர்த்தம். சில தொட்டிகளுக்கு மூன்று நாலு மாதங்கூடப் பிடிக்கும். மகன் போனில் பார்க்கும்போது கண்ணாடியின் முன்பக்கத்தை மட்டும் துடைத்துக் காட்டுங்கள். மற்ற மூன்று பக்கத்தையும் நத்தைக்கு விட்டுவிடலாம்.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அன்பு மிகுதியால் டப்பாவையே கவிழ்த்துவிடுவார். ஒவ்வொரு நாளைக்கும் வேண்டியதை அளந்து ஏழு சின்னப் பொட்டலமாகக் கட்டி, மேலே கிழமையை எழுதி, அதை மட்டும் கொடுங்கள். டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப் போங்கள். ஒன்றிரண்டு கிழமை அவர் மறந்துபோனாலும் மீனுக்கு ஒன்றும் ஆகிவிடாது.